ரொட்டிப் பொந்து

சமையலறைத் தரையில் மறுபடியும் மணல் கிடந்தது.

காலையில்தான் கூட்டியிருந்தாள் மேவிஸ். பின்சுவரின் அடியில், யாரோ ஒரு சிட்டிகை உப்பைக் கவனமாகக் கொட்டி வைத்ததுபோல் ஒரு சின்னக் குவியல். குனிந்து விரலில் ஒற்றிப் பார்த்தாள். சாம்பல் நிறம். பழைய சுண்ணாம்பு உதிர்ந்தால் மஞ்சளாக இருக்கும். அதை அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதிலேயே தெரிந்துகொண்டிருந்தாள். இது புது சிமென்ட். கொத்தனார் பூசிவிட்டுப் போன இடத்திலிருந்து உதிர்கிறது. பூசி முடித்த அன்றைக்குக் கல் மாதிரி இறுகிய சிமென்ட் இப்போது ஏன் உதிர்கிறது என்பதை மட்டும் அவள் நினைக்க விரும்பவில்லை. துடைப்பத்தை எடுத்தாள்.

மதிலடி வீதியின் வீடுகளுக்குப் பின்சுவர் கிடையாது. வெர்ன்ஹாம் ஊரின் பழைய மதில்தான் பின்சுவர். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஊரைச் சுற்றிக் கட்டியதில், வீதி முனையில் நிற்கும் கோட்டைவாசலும், அதையொட்டி இந்த நீளமும்தான் மிச்சம். மற்றதெல்லாம் ரயில்பாதைக்கும் வங்கிக்கும் கல்லாகப் போய்விட்டது. கோட்டைவாசலில் இப்போது கதவு இல்லை. துருப்பிடித்த கீல்கள் மட்டும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலமானால் அதன் மேலிருக்கும் மணி ஒலிக்கும். ஒரு காலத்தில் கதவு அடைக்கப்போவதைச் சொன்ன மணி. இப்போது அது மின்சாரத்தில் தானாக அடிக்கிறது. மதிலுக்கு அந்தப்பக்கம், முன்பு வயலாக இருந்த இடம், பெரிய கடையின் கார் நிறுத்துமிடம்.

மேவிஸுடையது வரிசையின் கடைசி வீடு. கணவன் ரொனால்ட் இறந்தபிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு வந்திருந்தாள். ரொனால்ட் பேருந்து ஓட்டியவன். ஊரே அவனுக்குத் தெரியும். அவன் வழியாகத்தான் மேவிஸுக்கு ஊரைத் தெரியும். அவன் போனதும் ஊரும் போய்விட்டது. யாரும் அவளைத் தள்ளிவைக்கவில்லை. அவளாகவே ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தாள். முதலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகான தேநீர், அப்புறம் ஆராதனை, அப்புறம் தொலைபேசி. தனிமை ஒரு பழக்கம். மற்ற பழக்கங்களைப் போல அதுவும் முதலில் கொஞ்சம் ஆறுதல் தரும்.

சமையலறை மதிலில், இடுப்பு உயரத்தில், ஒரு பொந்து இருந்தது. ஒரு தலையணை நுழையும் அகலம். மதிலின் கனம் முழுவதையும் துளைத்துக்கொண்டு அந்தப்பக்கம் போயிற்று. ஒரு ஆள் உள்ளே நீட்டிப் படுத்தால் தலையும் தெரியாது, காலும் தெரியாது, அத்தனை கனம். வீதியின் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. அதன் வழியாகக் குளிர் வந்தது. அடுப்பில் வைத்த கெண்டி கொதிக்கும் முன்பே அவள் விரல்கள் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர். நவம்பரில் டெஸ்மண்ட் என்ற கொத்தனாரைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னாள்.

"அந்தக் காலத்துல படையெடுத்து வந்த ஸ்காட்லாந்துக்காரனால இந்த மதிலைப் பிடிக்க முடியலையாம், குளிரு பிடிச்சிருச்சு பாருங்க," என்று சிரித்தார் அவர். "ரெண்டு வாயையும் மூடிடறேன். நடுவுல சும்மா காத்து இருக்கட்டும், அதுதான் குளிரை நிறுத்தும். ஆனா பழைய மதில்ல கை வெச்சது கவுன்சில்காரங்க காதுல விழுந்தா என் தோலை உரிச்சிடுவாங்கம்மா. நான் இங்க வரவே இல்லை, சரியா?"

பகலில் உள்வாயைச் செங்கல் வைத்து அடைத்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, கோட்டைவாசல் வழியாகச் சுற்றி, வெளிவாயை அடைக்கப் போனார். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு பெரில் வந்து கதவைத் தட்டினாள்.

மேவிஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. யாரிடமும் பேசத் தோன்றவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டாள். கதவில் தபால் போடும் பிளவு திறந்தது.

"மேவிஸ், இருக்கியா கண்ணு? ஒரு விஷயம் சொல்லணும். ஒரு நிமிஷம்தான்டி."

மேவிஸ் அசையவில்லை.

"விளக்கு எரியுதே... சரி, தூங்கறே போல. அப்புறம் வரேன்."

கதவைத் திறக்க ஒரு மூச்சு நேரம் போதும். அந்த ஒரு மூச்சை யார் யாருக்கெல்லாம் தராமல் இருந்தோம் என்று நம்மில் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தால் தலைகுனியத்தான் வேண்டியிருக்கும். பெரிலின் செருப்புச் சத்தம் விலகிப் போனது. கொஞ்ச நேரத்தில் சாயங்கால மணி அடித்தது. மணி அடித்து அடங்கியபிறகுதான் டெஸ்மண்ட் கைகளை ஊதிக்கொண்டு திரும்பி வந்தார்.

"முடிஞ்சுதும்மா. கடைசிக் கரண்டி வைக்கிற நேரத்துல உள்ள ஏதோ சரசரன்னு போச்சு. எலியா இருக்கும். பாவம், அது தலையெழுத்து."

அன்றிலிருந்து சமையலறை கதகதப்பாக இருந்தது. அன்றிலிருந்துதான் அந்தச் சத்தமும்.

மணி ஓய்ந்தபிறகு வரும். முதலில் வீதியின் அந்த முனையில், மதிலுக்கு வெளிப்பக்கமாக, உலர்ந்த உள்ளங்கையால் கல்லைத் தடவிக்கொண்டே யாரோ நடப்பதுபோல மெல்லிய உரசல். முதல் வீட்டுக்குப் பின்னால் நிற்கும். பிறகு நகரும். அடுத்த வீடு. நிற்கும். நகரும். பெரிலின் வீட்டுக்குப் பின்னால் நின்று, அங்கிருந்து மேவிஸின் வீட்டுக்கு வரும்; வந்தபிறகு நகராது. அதே இடத்தில், மேலும் கீழும், மேலும் கீழும், தூக்கம் வராத பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல் நெடுநேரம் தடவிக்கொண்டே இருக்கும். அந்தக் கனத்தைத் தாண்டி ஒரு கையின் சத்தம் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். கேட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல, இன்னும் அருகில், சிமென்ட்டுக்கு நேர் பின்னால், இன்னொரு சத்தம். சுரண்டல். விட்டு விட்டு. சோர்ந்துபோய், மறுபடி தொடங்கும் சுரண்டல்.

எலி, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வானொலியைச் சத்தமாக வைத்தாள்.

ஒருநாள் பகலில் துணிந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பார்த்தாள். தள்ளுவண்டிகளை உதறி எடுக்கும் சத்தம், பெட்ரோல் வாசனை, தோள்களில் பரிசுப் பைகளோடு மக்கள். மதிலில் வரிசையாகப் பொந்துகள். அவளுடையது மட்டும் அடைபட்டிருந்தது. எலி கடித்த தடம், விரிசல், எதுவும் இல்லை. மாறாக, அந்த சிமென்ட் பளபளத்தது. பல தலைமுறைகள் கைவைத்து இறங்கிய மாடிப்படியின் மரப்பிடிபோல, தேய்ந்து, எண்ணெய் மினுக்கத்தோடு. பூசி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வெளியிலிருந்து யாரும் தோண்டவில்லை. அப்படியானால் உள்ளே மணல் எப்படி விழுகிறது?

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியை அவள் தள்ளிக்கொண்டே நடந்தாள். கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மதியத்துக்குப் பிறகு, கம்பளிச் சட்டையின் பொத்தான்களைக்கூடச் சரியாகப் போடாமல் போய் பெரிலின் கதவைத் தட்டினாள்.

"அட, உயிரோடதான் இருக்கியா!" என்றாள் பெரில். வாய் நிறைய மாவுப் பலகாரம். "நான் உன் சாவுக்குப் போட்டுக்கறதுக்குத் தொப்பியே பார்த்து வெச்சுட்டேன். வா வா, செருப்பைக் கழட்டாதே. தங்கச்சி வீட்டுக்காரர் கார்ல வந்துட்டிருக்கார், நான் பண்டிகைக்கு அங்க போறேன். வா, டீ இருக்கு."

சமையலறையில் பெட்டி கட்டிக் கிடந்தது. பேசிக்கொண்டே பெரில் ரொட்டியை எடுத்து, அதன் முனைத் துண்டைக் கனமாக அறுத்து, வெண்ணெய் தடவி, சுவரிலிருந்த பொந்துக்குள் துடுப்புப் போன்ற ஒரு நீண்ட கட்டையால் தள்ளினாள். நாய்க்குத் தட்டு வைப்பவளின் இயல்பு அதில் இருந்தது.

"அது யாருக்கு?"

"முனைத் துண்டா? தெரியாதா உனக்கு? இந்த வீதியில எல்லாரும் வைக்கிறதுதானே. சாயங்கால மணிக்கு முன்னாடி. கேட்டா குருவிக்குன்னு சொல்வாங்க." பெரில் சிரித்தாள். "குருவி இருட்டினப்புறமா சாப்பிடும்?"

"விளையாடாதே பெரில். யாருக்கு?"

பெரில் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"கொள்ளைநோய் வந்த வருஷம், அறுவடைக்குன்னு வெளிய போனவங்க திரும்பி வரதுக்குள்ள ஊரு கதவைச் சாத்திடுச்சாம். நம்ம வீதி ஆளுங்கதான். பொண்டு பிள்ளைங்க எல்லாம் வெளிய. தட்டித் தட்டிப் பார்த்திருக்காங்க. திறக்கலை. ஆனா வீட்டுல இருந்தவங்க மனசு கேக்குமா? மதிலைக் குடைஞ்சு ரொட்டி தள்ளினாங்க. உள்ள விடலை, பட்டினியும் போடலை. அவ்வளவுதான் கதை."

"நீ நம்பறியா?"

"குடையை எடுத்துட்டுப் போறவகிட்டப் போய் மழை வரும்னு நம்பறியான்னு கேப்பியா? ஒரு துண்டு ரொட்டி. வெச்சா எனக்கென்ன குறைஞ்சுடும்?" டீயை நீட்டினாள். "பெரியவங்க கை இவ்வளவு கனத்துக்கு எட்டாது பாரு. அதனால சின்னதுங்களை உள்ள ஊர்ந்து போயி எடுத்துட்டு வரச் சொல்லுவாங்களாம். எங்கம்மா சொல்லுவா, மணி அடிச்சப்புறம் பொந்துல கையை வைக்காதே, பிள்ளைங்க உள்ள இருக்கும்னு."

மேவிஸ் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"என்னடி? ஏன் இப்படி வெளுத்துப்போறே?"

"நான் அதை அடைச்சுட்டேன்."

"தெரியும். அன்னிக்குக் கொத்தனாரைப் பார்த்துட்டுத்தான் ஓடி வந்தேன். அடைக்கறதுன்னா அடை, வெளிவாயை மணிக்கு முன்னாடி அடைக்கச் சொல்லுன்னு சொல்லத்தான்..." பெரில் நிறுத்தினாள். "மேவிஸ். அந்த ஆளு எப்ப அடைச்சான்? முன்னாடியா, பின்னாடியா?"

மேவிஸ் கோப்பைமேல் குனிந்தாள். கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது.

வெளியே கார் ஒலிப்பான் அடித்தது. பெரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் வா. இப்படியே கிளம்பு. என் தங்கச்சி ஒண்ணும் சொல்ல மாட்டா, வாத்துக்கறி நிறைய இருக்கு. திரும்பி வந்து ரெண்டு பேரும் சேர்ந்து திறப்போம். தனியா எதையும் செய்யாதே கண்ணு."

நல்ல வார்த்தை அது. பிறகு பலமுறை அதை நினைத்துக்கொள்ள மேவிஸுக்கு நேரம் இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் அவள் காதில் கேட்டது அந்தச் சுரண்டல் மட்டும்தான். ஒரு மாதமாக. ஒவ்வொரு ராத்திரியும். அவள் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு படுத்த ஒவ்வொரு ராத்திரியும்.

"நீ போய்ட்டு வா," என்றாள்.

ரொனால்டின் சுத்தியலும் உளியும் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. வானம் ஏற்கெனவே மங்கிக்கொண்டிருந்தது. டிசம்பரில் அந்த ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பகல் என்பது பேருக்குத்தான். சமையலறை விளக்கைப் போட்டாள். புது ரொட்டியைப் பிரித்து, முனைத் துண்டை அறுத்து, வெண்ணெய் தடவி மேசையில் வைத்தாள். முழந்தாளிட்டு, நெடுநாளைக்குப் பிறகு ஜெபம் செய்தாள். அன்றன்றைக்கான அப்பத்தைக் கேட்கும் வரியில் குரல் நின்றுவிட்டது. எழுந்து உளியை வைத்தாள்.

ஒரே அடி. சிமென்ட் முட்டையோடுபோல உடைந்து விழுந்தது. செங்கற்கள் பின்பக்கமாக அரிக்கப்பட்டு வெறும் தோலாகியிருந்தன.

உள்ளே இருட்டு. ஈர வைக்கோலின் வாசனை. புகை. காய்ச்சல்காரர்களின் போர்வை வாசனை.

"பயப்படாதே," என்றாள் மேவிஸ். தன்னிடமா, அதனிடமா என்று தெரியவில்லை. ரொட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

கை முழங்கைவரை உள்ளே போனது. குளிர். இன்னும் கொஞ்சம்.

துண்டு மெல்ல எடுக்கப்பட்டது.

பிறகு அவள் சுண்டுவிரலை எதுவோ பற்றியது. சின்னப் பிடி. நகம் இருக்கவேண்டிய இடங்களில் நகம் இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தினால் அது பயந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. மற்ற விரல்களால் அந்தக் கையை மூடி, கொஞ்ச நேரம் சூடாக்கினாள்.

"அம்மா வெளிய தேடறாங்க, கேக்குதா? நான் சுத்தி வந்து அந்தப் பக்கம் திறக்கறேன். அம்மாகிட்டப் போயிடலாம். இரு, தங்கம். விடு."

பிடி தளர்ந்தது.

சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு, மேல்கோட்டுகூடப் போடாமல் ஓடினாள். வீதி வெறிச்சிட்டிருந்தது, ஜன்னல்களில் கிறிஸ்துமஸ் மரங்களும் சின்ன விளக்குகளும். கோட்டைவாசலின் வளைவைக் கடந்தபோது தலைக்கு மேல் மணி அடிக்கத் தொடங்கியது. கடை சீக்கிரமே மூடியிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டிகூட இல்லை. கம்பத்து விளக்குகள் மட்டும் ஈரத் தரையில் மஞ்சளாக. மதிலோரமாக ஓடி, பளபளக்கும் அந்த சிமென்ட்டைக் கண்டு, உளியை வைத்து அடித்தாள். மணி அடித்தது. அவளும் அடித்தாள். இந்தப் பக்கத்து அடைப்பை உள்ளிருந்து யாரும் அரிக்கவில்லை, முழுக்கனம். பொறி பறந்தது. மணிக்கட்டு வலித்தது. இன்னொரு அடி. இன்னொன்று. ஒரு மூலை பெயர்ந்தது. பிறகு எல்லாம் ஒன்றாக உள்ளே சரிந்தது.

மணி நின்றது.

அவளுக்குப் பின்னால், கோட்டைவாசல் பக்கம், கனத்த மரக்கதவுகள் இரண்டு ஒன்றோடொன்று மோதி மூடின. குறுக்குக் கட்டை விழுந்தது.

அங்கே கதவு கிடையாது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பத்து விளக்குகளின் வெளிச்சம் தரையில் இல்லை என்பதை மட்டும் பார்த்தாள். காலுக்குக் கீழே, அறுவடை முடிந்த வயலில்போல, அறுத்த கதிர்த்தாள்கள் குத்தின.

"வா," என்று பொந்துக்குள் சொன்னாள். "வா, தங்கம். திறந்தாச்சு."

யாரும் வரவில்லை. குனிந்து பார்த்தாள். பொந்து காலியாக இருந்தது. அதன் மறுமுனையில், ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதுபோல, அவளுடைய சமையலறை. மஞ்சள் விளக்கு. கெண்டி. ரொனால்டின் நாற்காலி. அதில், இவளுக்கு முதுகைக் காட்டி, சிமென்ட் தூள் படிந்த தலையோடு, கால்கள் தரையைத் தொடாமல், ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.

அது வெளிப்பக்கம் தோண்டவே இல்லை. வெளிச்சத்தை நோக்கித்தான் தோண்டியது. எந்தப் பிள்ளைதான் தோண்டாது?

உரசல் கேட்டது.

வீதியின் அந்த முனையிலிருந்து. கல்லைத் தடவிக்கொண்டே ஒரு கை. நின்று. நகர்ந்து. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னும் பல. இருட்டில் எதுவும் தெரியவில்லை. மூச்சுகள் மட்டும். பெரிலின் வீட்டைக் கடந்தன.

மேவிஸ் மதிலில் ஊன்றியிருந்த கையை எடுக்க நினைத்தாள். எடுக்கவில்லை. ஈரமில்லாத, எடையே இல்லாத ஓர் உள்ளங்கை வந்து அவள் கைமேல் படிந்தது. நின்றது. மேலும் கீழும் தடவியது. கன்னத்தோடு கன்னமாக ஒரு முகம் அவளோடு சேர்ந்து பொந்துக்குள் பார்த்தது. அந்தக் கன்னம் நடுங்கியது.

உள்ளே, பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கியது. கத்தியை எடுத்தது. ரொட்டியின் மறுமுனையைக் கனமாக அறுத்து, வெண்ணெய் தடவியது. பார்த்துப் பார்த்துப் பழகிய வேலை. பொந்தருகே வந்தது. வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. முகம் இருந்த இடம் மட்டும் தெரிந்தது.

துண்டைப் பொந்துக்குள் தள்ளியது. கை நீளுமட்டும் தள்ளியது. வெளியே இருப்பவர்களுக்கு.

பிறகு விளக்கை அணைத்தது.

பக்கத்திலிருந்த கைகள் எதுவும் ரொட்டிக்கு நீளவில்லை. எல்லாம் மதிலில் பதிந்தபடி, பொறுமையாக, அவளுக்காகக் காத்திருந்தன. புதிதாக வந்தவள் முதலில் எடுக்கட்டும் என்று.